வோங் கர்-வாய் பெட்டியும் போகாத பச்சையும்

ஒரு ப்ளூ-ரே படத்தில் தெரியும் பச்சைச் சாயலுக்கு என் டிவிதான் காரணமோ என்று, அதன் நிறத்தை மீட்டர் வைத்து ஒருவழியாக அளந்து திருத்திவிட்டேன். பச்சை போகவில்லை! இனி டிவி மேலோ கேபிள் மேலோ பழி போட முடியாது. பழைய நல்ல படங்களை டிஸ்க்கில் போடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2021-இல் வெளியிட்ட, ஹாங்காங் இயக்குநர் வோங் கர்-வாயின் ஏழு பட ப்ளூ-ரே பெட்டியில் 'இன் தி மூட் ஃபார் லவ்' பச்சை சாய்ந்துதான் இருக்கிறது. 2012-இல் அவர்களே போட்ட டிஸ்க்கையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டு, நாயகி மேகி சியூங் நூடுல்ஸ் வாங்கப் படியிறங்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். பழையதில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது. புதியதில் அதே சுவரில் பாசி படர்ந்த மாதிரி.

சினிமா மோட், வார்ம் 2 போன்ற டிவி மெனு அமைப்புகள் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நான் மல்லுக்கட்டியது இரண்டு புள்ளி ஒயிட் பேலன்ஸோடு, அதாவது வெளிச்சம், இருட்டு என இரண்டு இடத்தில் வெள்ளையில் நிறம் கலக்காமல் சரிசெய்வதோடு. கல்யாண ஃபோட்டோ எடுக்கும் நண்பரிடம் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரை இரவல் வாங்கி, அளவைக் காட்டும் ஹெச்சிஎஃப்ஆர் மென்பொருளில் இணைத்தேன். அளப்பதற்கான சோதனைப் படங்களை (பேட்டர்ன்) லேப்டாப்பிலிருந்து அனுப்பவில்லை. அங்கே கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் ஃபுல் ரேஞ்ச், லிமிடெட் ரேஞ்ச் குழப்பம் வந்தால் கறுப்பு மொத்தமும் கெட்டுவிடும். ஸ்பியர்ஸ் அண்ட் மன்சில் என்ற சோதனை டிஸ்க்கை, படம் பார்க்கும் அதே பிளேயரில், அதே எச்டிஎம்ஐ போர்ட்டில் ஓட்டினேன். 80 சதவீத வெளிச்சத்தில் கெயின் (வெளிச்சப் பகுதிக்கான திருகு), 30-இல் ஆஃப்செட் (இருட்டுப் பகுதிக்கானது). ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். அதைச் சரிசெய்தால் இது நகரும். வெளிச்சத்தில் பெரும்பங்கு பச்சையிலிருந்து வருவதால், அதை விட்டுவிட்டு சிவப்பையும் நீலத்தையும்தான் திருக வேண்டும். பச்சையைப் பிடிக்க வந்தவனுக்கு முதல் விதியே பச்சையைத் தொடாதே என்பதுதான்! இருட்டுப் படிகளில் மீட்டர் ரொம்பத் தடுமாறுகிறது. கறுப்பை முழு இருட்டாகவே காட்டும் ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் பொறுமையோடு உட்காருங்கள். கடைசியில் வீடியோவுக்கான தர வெள்ளையான டி65-ஐ ஒட்டி, கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான கிரே ஸ்கேலில் டெல்டா ஈ எனும் நிறப்பிழை அளவு எல்லாப் படியிலும் 2-க்குள் வந்துவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் கர்வம்தான்.

ஆக, இந்தப் பச்சை இயக்குநர் கொடுத்தது. இந்தப் பெட்டிக்காகப் படங்களைப் புதுப்பித்த 4கே மீட்டெடுப்பை வோங் கூடவே இருந்து செய்திருக்கிறார். இவை அதே பழைய படங்கள் அல்ல என்று அவரே எழுதியும் இருக்கிறார். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் அகல விகிதமே 1.85-இலிருந்து 2.39-க்கு அகன்றுவிட்டது. 'ஹேப்பி டுகெதர்' கதை வேறு: 2019-இல் நடந்த தீ விபத்தில் நெகட்டிவில் ஒரு பகுதி போனதால் நாயகன் டோனி லியுங்கின் தனிமொழிகளைச் சுருக்க வேண்டியதாயிற்று. அது தலைவிதி. நிறம் அப்படியல்லவே. அவர் படம், அவர் இஷ்டம், சரி. பழைய நிறத்தையும் கூடவே ஒரு டிஸ்க்கில் கொடுத்திருந்தால் யாருக்கு நஷ்டம்? அதே சமயம் நாயகி அணியும் சியோங்சாம் எனும் சீன உடையின் பூவேலையும் பிலிம் கிரெய்னும் (பிலிமின் இயல்பான பொடித்தன்மை) பழைய டிஸ்க்கில் இவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: ப்ளூ-ரே உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; பெட்டி ஏ மண்டலப் பூட்டு, இந்தியா சி மண்டலம். எல்லா மண்டல டிஸ்க்கும் ஓடும் ரீஜன்-ஃப்ரீ பிளேயர் இல்லாமல் பணத்தைப் போடாதீர்கள். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளில் இந்தத் தொல்லை கிடையாது. அமெரிக்காவில் சொந்தக்காரர் இருந்தால் ஜூலை, நவம்பர் மாதங்களில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் பாதி விலைத் தள்ளுபடியைப் பார்க்கச் சொல்லுங்கள். கூரியரில் வரவழைத்தால் சுங்க வரியே ஒரு டிஸ்க் விலை ஆகிவிடுகிறது.

இரண்டுக்குப் பதில் இருபது இடத்தில் செய்யும் நுணுக்கமான இருபது புள்ளித் திருத்தம் இன்னும் பாக்கி. முகூர்த்த சீசன் வந்தால் நண்பர் மீட்டரைத் திருப்பிக் கேட்பார், அதற்குள் முடிக்க வேண்டும். மனசு ஏற்கெனவே சத்யஜித் ராயின் அபு மூன்று படப் பெட்டிக்குப் போய்விட்டது. 1993-இல் லண்டன் லேப் தீயில் கருகிய நெகட்டிவை இத்தாலியின் போலோன்யாவில் உயிர்ப்பித்த கதை தெரியுமல்லவா? கறுப்பு வெள்ளை என்பதால் அங்கே பச்சைத் தகராறு இருக்காது. ஆனால் கிரே ஸ்கேலில் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.