பூட்டு இல்லாத பிஸ்டல்: அஸ்ட்ரா 400

அஸ்ட்ரா 400 என்ற ஸ்பானிய பிஸ்டலின் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதியை, முதல்முறை பின்னுக்கு இழுப்பவர், துருப்பிடித்து இறுகிவிட்டது என்றே நினைப்பார். இறுகவில்லை, ஸ்பிரிங் அவ்வளவு கெட்டி. உள்ளே ஒளிந்திருக்கும் ஹேமரையும் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல்) அதே இழுப்பில் மடக்க வேண்டும் என்பதால் பாரம் இன்னும் கூடும்.

வலுவான தோட்டா என்றால், குண்டு வெளியேறும்வரை பேரலையும் (குழாய்) ஸ்லைடையும் பூட்டி வைப்பதே வழக்கம். காம்போ-ஜீரோ பிரபு என்ற ஸ்பானிய ராணுவ அதிகாரியும் முதலில் ஆப்பு வைத்துத்தான் பூட்டினார். பிறகு ஆப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பேரலைச் சுற்றி ஸ்பிரிங்கும், அதிர்ச்சி தாங்கத் தனியாக ஓர் அமைப்பும் வைத்தார். 1913 மாடல் என்ற பெயரில் ராணுவம் அதை ஏற்றது. அதே வழியில் பெட்ரோ கரேயாகா வடிவமைத்ததுதான் 1921-ல் சேவைக்கு வந்த 400. உற்பத்தி ஸ்பெயினின் குவேர்னிகா ஊரில். பேரல் 150 மி.மீ., மகசினில் 8 தோட்டா, எடை ஒரு கிலோவுக்கு மேல்.

ஸ்பிரிங்தான் இங்கே பூட்டு என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. ஒரே தள்ளில் தள்ளுவண்டி ஓடும். கிருஷ்ணகிரி குவாரியில் கிரானைட் ஏற்றி நிற்கும் லாரி அசையாது. குண்டு பேரலைத் தாண்டும் அந்த நொடித்துளியில் தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் ஸ்லைடின் எடைதான். ஸ்பிரிங்கின் வேலை அதன் பிறகு: பின்னால் பாயும் ஸ்லைடு பிரேமில் (பிஸ்டலின் அடிச்சட்டம்) மோதாமல் தடுத்து, முன்னுக்குத் தள்ளுவது. ஓசூர் பட்டறைகளில் பிரஸ் அச்சில் இருக்கும் டை ஸ்பிரிங் தளர்ந்தால் அது டூலை என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்கு, இந்த ஸ்பிரிங் தளர்ந்தால் பிரேம் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிக்கும்போது ஸ்பிரிங்கை முன்முனையில் அடக்கிப் பிடிக்கும் புஷ்ஷிங் வளையத்திலிருந்து கட்டைவிரல் வழுக்கினால் அந்த வளையம் கூரையில்தான் போய் அடிக்கும்.

எந்த 9 மி.மீ. தோட்டாவையும் இது சுடும் என்ற பெருமைப் பேச்சும் உண்டு. இதன் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) 9 மி.மீ. லார்கோ என்ற தோட்டாவுக்கானது, அந்தத் தோட்டாக் கூட்டின் நீளம் 23 மி.மீ. இன்னொரு 9 மி.மீ. தோட்டாவான பாராபெல்லத்தின் கூடோ 19 மி.மீ. அந்தக் கூட்டின் வாய் விளிம்பு போய் உட்கார இடமில்லாமல், தோட்டா எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளியே இழுக்கும்) கொக்கியின் பிடியில் தொங்கும். அடி மெத்தென்று விழுந்து, சில சமயம் வெடிக்காது.

1941-ல் சுமார் 6,000 அஸ்ட்ரா 400 வாங்கிய ஜெர்மனி, பாராபெல்லத்துக்கென்று தனியாக, குட்டையான அஸ்ட்ரா 600-ஐச் செய்யச் சொல்லி வாங்கியது.