மகளுக்குக் கற்றல் திறன் பரிசோதனை: போய்வந்த கதை

நான்காம் வகுப்புக்கு வந்த பிறகு பள்ளியிலிருந்து எங்களை அடிக்கடி அழைக்க ஆரம்பித்தார்கள். வாசிப்பு நேரம் வந்தாலே மகள் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுகிறாள், நோட்டைக் கிழிக்கிறாள், வயிறு வலிக்கிறது என்கிறாள். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் ஒப்பிப்பாள். எழுதச் சொன்னால் இரண்டு வரியைத் தாண்டாது. செல்லம் அதிகம் என்பது வகுப்பாசிரியையின் தீர்ப்பு. "இவள் பெரியப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான், பிறகு சரியாகிவிட்டான்" என்பது என் அம்மாவின் தீர்ப்பு. பெரியப்பா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பதை அம்மா சேர்த்துச் சொல்வதில்லை.

முதலில் ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். பினே-காமத் என்ற நுண்ணறிவுச் சோதனை செய்து, 'ஐ.க்யூ. சராசரி' என்று அரைப்பக்கத் தாள் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனையைக் குறை சொல்ல மாட்டேன்; எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குப் புத்தி இருக்கிறது என்று, அதாவது மனவயதைக் கணக்கிட்டு ஒரே எண்ணைத் தருவதுதான் அதன் வேலை. ஆனால் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. புத்தி இருந்தும் எழுத்தைக் கண்டால் ஏன் மிரளுகிறாள் என்றுதான் கேட்டோம். அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

அடுத்துப் பார்த்தவர், இத்துறை வல்லுநர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்; உண்மையாகப் பதிவு செய்தவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கண் பரிசோதனையும் காது கேட்கும் திறன் பரிசோதனையும் முடித்துவிட்டு வாருங்கள் என்று முதலில் திருப்பி அனுப்பினார். சரியாகத் தெரியாத, கேட்காத பிள்ளையைச் சோதித்து என்ன பயன் என்றார். பிறகு எங்களிடம் நீண்ட விசாரணை: பிரசவம் எப்படி, எப்போது பேசினாள், குடும்பத்தில் வேறு யாருக்கும் வாசிப்புச் சிரமம் உண்டா. பெரியப்பா கதையை இங்கே சொன்னபோது பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வீட்டில் அழகாகப் பார்த்து எழுதிய நோட்டைக் கொண்டு போயிருந்தோம். அதை ஒதுக்கிவிட்டு, அடித்தல் திருத்தலோடு இருந்த வகுப்பு நோட்டைக் கேட்டு வாங்கினார்.

கவனக்குறைபாடு உண்டா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வினாப்படிவம், ஆசிரியைக்கு ஒன்று. கவனக்குறைபாடு என்றால் அது வீட்டிலும் பள்ளியிலும் தெரிய வேண்டுமாம். ஓரிடத்தில் மட்டும் தெரிந்தால் காரணம் வேறாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இவள் புள்ளிக்கோலம் போட உட்கார்ந்தால் சாப்பிடக்கூட எழ மாட்டாள். ஆசிரியை படிவத்தைத் திருப்பித் தருவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

பரிசோதனையை ஒரே மூச்சில் முடிக்கவில்லை. பிள்ளை களைக்காத காலை வேளைகளாகப் பார்த்துப் பிரித்துச் செய்தார். "மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது" என்று மட்டும் அவளிடம் சொல்லச் சொன்னார். வீட்டில் பயிற்சி கொடுத்துக் கூட்டி வரக் கூடாது, கொடுத்தால் மதிப்பெண் பொய்யாகிவிடும். முதல் மையத்தில் என்ன சோதனை, எந்த மாதம் என்றும் விசாரித்தார். அதே சோதனையைச் சீக்கிரமே திரும்பச் செய்தால் பழக்கத்தாலேயே எண் கூடிவிடும்.

இந்தியப் பிள்ளைகளுக்காக மாலின் என்பவர் தகவமைத்த நுண்ணறிவுச் சோதனையை உளவியலாளர் எடுத்துக்கொண்டார். 1969 காலத்துச் சரக்கு. ஆனாலும் பகுதி பகுதியாகத் திறனைப் பிரித்துக் காட்டுகிறது. ஒப்புமை கண்டுபிடிப்பதிலும் வண்ணக் கட்டைகளை அடுக்குவதிலும் மகள் வயதுக்கு மேலே நின்றாள். எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வதிலும், குறிகளைப் பார்த்து வேகமாக நிரப்புவதிலும் வெகு கீழே. மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சமவெளி என்றுதானே வரும்? முதல் மையத்தின் எண்ணும் அப்படி வந்ததுதான்.

அதன் பிறகு பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு, உருவம் பார்த்து வரைதல். இவள் ஆங்கில வழியில் படிப்பதால் மொழிப் பகுதி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழையும் பாருங்கள் என்று என் மனைவி வற்புறுத்தியதால் பாடநூலிலிருந்து வாசிக்கச் சொன்னார். 'கொக்கு' என்பது 'காக்கு' ஆனது, 'கெட்டி' என்பது 'கட்டி' ஆனது. எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் குறிகளில் ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. அந்நிய மொழி என்பதால் தடுமாறுகிறாள் என்ற வாதம் அத்தோடு எடுபடவில்லை.

முடிவு: 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' இருக்கிறது, அதாவது புத்தி இருந்தும் வாசிப்பது, எழுதுவது போன்றவற்றில் மட்டும் வரும் சிரமம்; கவனக்குறைபாடு இல்லை. கிள்ளுவதும் கிழிப்பதும் வாசிப்பிலிருந்து தப்பிக்கும் வழி என்று விளக்கினார். அறிக்கையைத் தபாலில் வாங்கிக்கொள்ளாதீர்கள். நேரில் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் கேளுங்கள், பள்ளி செய்ய வேண்டியவற்றைத் தனித்தாளில் எழுதி வாங்குங்கள். எங்களுக்குப் பயன்பட்டது அந்தத் தனித்தாள்தான். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைக் குறைத்திருக்கிறார்கள். கணக்கின் கேள்வியை ஆசிரியை வாசித்துக் காட்டுகிறார். சிறப்பாசிரியர் ஒருவரிடமும் மாலையில் அனுப்புகிறோம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு முறையான சான்றிதழ் வேண்டும். உளவியலாளரின் அறிக்கை மட்டும் போதாது. அதற்கு இனிமேல்தான் அலைய வேண்டும். அறிக்கையின் அசலைப் பள்ளியில் கேட்டார்கள், நகல்தான் கொடுத்தோம்.