நானூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பராமரிப்புப் பிரிவு

சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பற்றித் தமிழில் வரும் செய்திகள் பெரும்பாலும் யார் போனார்கள், எத்தனை நாள் தங்கினார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதோடு முடிந்துவிடுகின்றன. 2025 ஜூன் மாதம் சுபான்ஷு சுக்லா அங்கே சென்றபோதும் அப்படித்தான் எழுதினார்கள். மணலியில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் எனக்கு எழுந்த கேள்வி வேறு. 1998 நவம்பரில் முதல் கூறு ஏவப்பட்டு, 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்திராத அந்த நிலையத்தை, எல்லாவற்றையும் நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் எடுக்க வழியே இல்லாத நிலையில், எப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்? இதைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகு, அதை ஆய்வுக்கூடம் என்று அழைப்பது பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது இடைவிடாமல் ஓடும் ஓர் ஆலை. அதை ஓட்டி முடித்தபின் மிஞ்சும் நேரத்தில்தான் ஆய்வு நடக்கிறது.

நிலையத்தின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. வழக்கமான நாளில் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார்கள். ஹூஸ்டன், ஹன்ட்ஸ்வில், மியூனிக், சுகுபா, மாஸ்கோ ஆகிய ஐந்து தரைக்கட்டுப்பாட்டு மையங்களோடும் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். இடைப்பட்ட நேரம் முழுவதும் திரையில் நிமிடக் கணக்கில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் கோடு நிற்காது. சுமார் ஆறரை மணி நேர வேலைக்கு மேல், எலும்பும் தசையும் கரையாமலிருக்க இரண்டரை மணி நேரம் வரை உடற்பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த ஓடுபொறிக்கும் எடைப்பயிற்சிக் கருவிக்கும் தனியாகப் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் ஓடும் அதிர்வு நிலையம் முழுவதும் பரவிவிடக் கூடாது என்பதற்காக அந்த இயந்திரங்களை அதிர்வு தாங்கும் அமைப்புகளின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். கருவி பழுதானால் பயிற்சியும் நின்றுவிடும் என்பதால், அதைச் சரிசெய்வது உடல்நலம் சார்ந்த வேலையாகவே கருதப்படுகிறது.

மேலே வழக்கமாக ஏழு பேர்தான். ஆனால் நிலையத்தை ஓட்டுபவர்கள் அந்த ஏழு பேர் அல்லர். வால்வைத் திறப்பது, மின்சாரத்தை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, நிலையத்தின் திசையைத் திருப்புவது ஆகியவற்றில் பெரும்பகுதி தரையிலிருந்து கட்டளையாகப் போகிறது. எங்கள் ஆலைப் பேச்சில் சொன்னால், பேனல் ஆபரேட்டர் ஹூஸ்டனில் உட்கார்ந்திருக்கிறார். ஃபீல்டு ஆபரேட்டர்தான் மேலே மிதக்கிறார். ஷிப்ட் மாறும்போது முந்தையவர் குறிப்பைப் படித்து, நேரில் பேசி, பொறுப்பை ஏற்கும் முறையும் அங்கே உண்டு. காற்றும் வெப்பமும் ஒருவர் பொறுப்பு, மின்சாரம் இன்னொருவர் பொறுப்பு, பழுதுபார்ப்பும் உதிரிபாகங்களும் மூன்றாமவர் பொறுப்பு. இந்த மூன்றாமவரின் நாற்காலிக்கு ‘ஓ.எஸ்.ஓ.’ என்று பெயர். செய்தியாளர் யாரும் அவரைப் பேட்டி எடுத்ததாக நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பெருக்கித் துடைக்கும் நாள். எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழுவதில்லை. ஆகவே காற்று தானாக ஓடாது. மின்விசிறி நின்றால், தூங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். அதனால் இரவும் பகலும் விசிறிகள் ஓடுகின்றன. காற்று போகும் வழியில் தோல் செதில், முடி, நூல், கைதவறிய திருகு எல்லாம் போய் உறிஞ்சு வலைகளில் ஒட்டிக்கொள்கின்றன. வாரந்தோறும் அந்த வலைகளை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்து, கைப்பிடிகளையும் உணவு மேசையையும் கிருமிநாசினித் துணியால் துடைக்கிறார்கள். காணாமல்போன பொருளை முதலில் தேடும் இடமும் அந்த வலைதான். எங்கள் ஆலையில் தொலைந்த ஸ்பேனர் எங்கே போகும் என்பதற்கு இவ்வளவு நம்பகமான பதில் இதுவரை கிடைத்ததில்லை.

தண்ணீர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பராமரிப்புக்காரன் ரசிக்கக்கூடிய துப்பறியும் கதை அதில்தான் இருக்கிறது. சிறுநீரை வடித்துக் குடிநீராக்கும் கருவி 2008 நவம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் போய்ச் சேர்ந்தது. எடையில்லாத இடத்தில் கொதிக்கும் நீரிலிருந்து ஆவி தானாகப் பிரியாது என்பதால், சுழலும் உருளைக்குள், குறைந்த அழுத்தத்தில் வடிக்கிறார்கள். சிறுநீரில் உள்ள நீரில் 85 சதவீதத்தை மீட்பது திட்டம். ஓராண்டு போவதற்குள் வடிப்பான் அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் உள்ளே கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். அது எங்கிருந்து வந்தது? எடையில்லாமல் வாழும் மனிதனின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் இறங்குகிறது. ஆகவே அவர்களுடைய சிறுநீரில் தரையில் இருப்பவர்களைவிடக் கால்சியம் அதிகம். சிறுநீர் கெடாமலிருக்கக் கந்தக அமிலத்தைச் சேர்த்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால், நீர் குறையக் குறைய ஜிப்சம் படியத்தானே செய்யும்! பல ஆண்டுகள் மீட்பளவைக் குறைத்து வைத்து ஓட்டிவிட்டு, பிறகு கந்தக அமிலத்துக்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள், படிவு நின்றது. அதன்பின் எஞ்சிய கழிவுக் கரைசலிலிருந்தும் நீரைப் பிழிந்தெடுக்கும் இன்னொரு கருவியைச் சேர்த்து, 2023இல் மொத்த நீர் மீட்பை 98 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இதைக் கேட்டு முகம் சுளிக்க உரிமை இல்லை. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சவ்வூடு சுத்திகரித்து மணலி, எண்ணூர்ப் பகுதி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனோடு இருக்கிறது. நாம் அதைக் குடிக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அடுத்தது பேரிங் கதை. நிலையத்தின் சூரியத் தகடுகள் எப்போதும் சூரியனைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள இரண்டு சுழல் இணைப்புகள் இருக்கின்றன. நிலையம் பூமியைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று. வலப்பக்க இணைப்பு 2007 ஜூனில் பொருத்தப்பட்டது. சில மாதங்களிலேயே மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் ஏறியது, அதிர்வும் கூடியது. இந்த இரண்டு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்த எந்தப் பிட்டரும் ‘பேரிங் போய்விட்டது’ என்று கதவருகில் நின்றே சொல்லிவிடுவார். அக்டோபரில் ஒருவர் வெளியே போய் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே இரும்புத் தூள். உருளைகளின் மேல் பூசியிருந்த தங்கப் பூச்சுதான் மசகாக வேலை செய்ய வேண்டும். அது போதுமானபடி வேலை செய்யாததால் உராய்வு ஏறி, வளையத்தின் கடினமான மேற்பரப்பே பெயர்ந்து வந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் அந்த இணைப்பை அளவாக மட்டும் திருப்பிச் சமாளித்தார்கள். 2008 நவம்பரில் பல விண்நடைகளில் தூளைத் துடைத்து, கிரீஸ் வைத்து, பேரிங் தொகுதிகளை மாற்றினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க இணைப்புக்கும் முன்னெச்சரிக்கையாகக் கிரீஸ் வைத்தார்கள்.

அந்த வேலையில்தான் ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர் என்ற வீராங்கனையின் கருவிப் பை நழுவி விண்வெளிக்குள் போனது. பைக்குள் கிரீஸ் துப்பாக்கி கசிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பை கட்டப்படாமல் மிதந்துவிட்டது. உலகம் முழுவதும் அதைச் சிரிப்புச் செய்தியாக்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பருத்த கையுறைக்குள் விரலே வளையாத நிலையில், கிரீஸ் வழியும் கருவிகளோடு ஆறேழு மணி நேரம் வேலை செய்தவர் அவர். மீதியிருந்த ஒரே பையைத் தோழரோடு பகிர்ந்துகொண்டு அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

உதிரிபாகத்தை எங்கே வைப்பது என்பது எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவோடு எனக்கிருக்கும் தீராத வழக்கு. ஆகவே 2010 ஜூலை இறுதியில் நடந்ததைப் படித்தபோது நான் சற்று மகிழ்ந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெளிப்புறக் குளிர்விப்புக்கு அம்மோனியாவைச் சுற்றவிடும் இரண்டு பம்புகளில் ஒன்று நின்றுபோய், பாதிக் குளிர்விப்பு இல்லாமலானது. புதிய பம்பு தரையிலிருந்து வரும்வரை காத்திருக்கவில்லை. அது முன்பே நிலையத்தின் வெளிச்சட்டத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. டக் வீலாக்கும் ட்ரேசி கால்ட்வெல் டைசனும் ஆகஸ்ட் மாதத்தில் மூன்று விண்நடைகளில் அதை மாற்றினார்கள். முதல் நாள் ஒரு குழாய் இணைப்பு கழல மறுத்ததோடு அம்மோனியாவும் கசிந்தது. 2012இல் சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹோஷிடேயும் மின் பகிர்வுப் பெட்டி ஒன்றை மாற்றப் போனபோது, உலோகத் துகள் சேர்ந்த துளையில் போல்ட் ஏறவே இல்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடித் திரும்பிவிட்டு, சில நாளில் பல் துலக்கும் தூரிகையைக் கொண்டு செய்த ஒரு கருவியால் துளையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மசகு தடவி, போல்ட்டை இறக்கினார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மூத்த பிட்டர் ஒருவர், “அது சரி தம்பி, அங்க லைனைப் பிரிக்கச் சொல்ல பர்மிட்டு யாரு போடறது?” என்றார். “கீழேருந்துதாண்ணே வரும்” என்றேன். அவர் கேட்டது சரியான கேள்வி. மின் இணைப்பை ஒருவர் தொடுவதற்கு முன்னால் அந்தத் தடத்தைத் தரையிலிருந்தே அணைத்து, அணைந்ததை அளவீட்டில் உறுதிசெய்து, பிறகுதான் கைவைக்கச் சொல்கிறார்கள். அம்மோனியா பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், உடுப்பைச் சோதிக்காமல் உள்ளே விடுவதில்லை.

அம்மோனியாவை எங்கள் பகுதிக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்த இரவில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். நிலையத்தில் ஓடுவதற்கு வெளி இல்லை. அதனால்தான் ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் தண்ணீரும், வெளியே அம்மோனியாவுமாகக் குளிர்விப்பைப் பிரித்திருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் வெப்பப் பரிமாற்றியில் ஒரு குழாய் ஓட்டையானால் அம்மோனியா உள்ளே வந்துவிடும். 2015 ஜனவரி 14 அன்று, இங்கே போகிப் புகை மூட்டமாக இருந்த நாளில், அந்த எச்சரிக்கை ஒலித்தது. முகமூடி அணிந்து, எல்லோரும் அம்மோனியா இல்லாத ரஷ்யப் பகுதிக்குப் போய், இடைக்கதவை மூடிக்கொண்டார்கள். பல மணி நேரத்துக்குப் பிறகு, கசிவு ஏதும் இல்லை, கணினியின் பொய்த் தகவல்தான் என்று தெரிந்தது. பொய் எச்சரிக்கைக்கு நான்கு முறை ஓடியவன் ஐந்தாம் முறை நடந்துதான் போவான் என்பது ஆலையில் நான் கண்டது. அங்கே அந்தச் சலிப்பு வராமலிருக்க அவசரகாலப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இப்போது நிலையத்துக்கு வயதாகிவிட்டது. ரஷ்யாவின் ஸ்வெஸ்தா கூற்றின் பின்முனையில் உள்ள சிறு அறையில் பல ஆண்டுகள் காற்று கசிந்தது. 2020இல் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தேயிலைத் துகள்களை மிதக்கவிட்டு, அவை எந்தப் பக்கம் இழுக்கப்படுகின்றன என்று பார்த்தார்கள். விரிசல்களை அடைத்த பிறகும் கசிவு பல ஆண்டுகள் முற்றாகத் தீராமலிருந்தது. தேவைப்படாத நேரத்தில் அந்த அறையின் கதவை மூடியே வைப்பது வழக்கமாகிவிட்டது. நிலையத்தைப் பத்திரமாகக் கீழிறக்கிக் கடலில் விழச்செய்யும் ஊர்தியை உருவாக்க நாசா 2024இலேயே ஒப்பந்தம் கொடுத்துவிட்டது.

இந்தியாவின் சொந்த நிலையத்துக்கான முதல் கூறு 2028இலும், முழு நிலையம் 2035இலும் என்று திட்டமிடப்பட்டிருக்கிறது. இஸ்ரோவால் ஏவ முடியும், இணைக்க முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை; விண்கலங்களை இணைத்துக் காட்டிவிட்டார்கள். பத்தாவது ஆண்டில் அதைக் கழற்றி மாட்டப்போகிறவரின் கையை வரைபடம் போடும் நாளிலேயே யாராவது நினைத்துப்பார்த்தார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். சர்வதேச நிலையத்தில் வெளிப்பெட்டிகள் பலவற்றை முழுதாகக் கழற்றி மாற்றும்படி தொடக்கத்திலேயே வடிவமைத்திருந்தார்கள். அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் 2010லேயே பாதி நிலையத்தை அணைத்து வைத்திருப்பார்கள். நம் முதல் கூற்றின் படம் விரிவாக வெளிவரும்போது, ஆய்வு அடுக்குகள் எத்தனை என்று நான் எண்ணப்போவதில்லை. மின்விசிறிக்குப் பின்னால் கை நுழையுமா, எத்தனை திருகுகளைக் கழற்றினால் ஃபில்டர் வெளியே வரும், கழற்றிய திருகு மிதந்து போகாமல் பிடித்துவைக்க ஏதாவது செய்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.