ஏரிக்குள் ஒரு பூங்கா

பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்போரம் ஒரு பெரியவர் பேத்தியிடம், "இங்கெல்லாம் ஒரு காலத்துல ஏரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நம்பவேயில்லை.

உண்மைதான். மாம்பலம், நுங்கம்பாக்கம் என்று நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகரையே உருவாக்கினார்கள், நடுவில் இந்தப் பூங்கா.

பெயர், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசருடையது. சிலையும் உள்ளேயே நிற்கிறது, துணிக்கடைக்கு ஓடுகிற அவசரத்தில் யார் பார்க்கிறோம்?

மழைக்குத் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றால் வடிகாலை மட்டும் திட்டுகிறோம். திட்டவேண்டியதுதான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு இது பழைய வீடு.

அந்த ஏரியின் பழைய வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துப் பூங்கா வாசலிலேயே மாட்டினால் என்ன?