மதிலுக்கும் அனுமதி எடுத்த கதை

எங்கள் கிறிஸ்தவக் கோவில் ஒல்லாந்தர் காலத்தது, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட சின்னம். சேமக்காலையை, அதாவது கல்லறைத் தோட்டத்தை, சுற்றிய மதிலையும் இரும்புப் படலையையும் பற்றித்தான் ஒருவரும் யோசிக்கவில்லை. சவ வாகனம் உள்ளே வரப் படலையை அகலிக்க வேண்டும், சரிந்த மதிலைச் சீமெந்துக் கல்லால் கட்ட வேண்டும் என்று பரிபாலன சபையில் பேச்செழுந்தபோது, "மதில்தானே, உதுக்கு ஆரைக் கேக்கிறது?" என்றார் ஒரு அண்ணை.

கேட்கத்தான் வேண்டும். இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் கட்டடங்களோடு மற்றக் கட்டமைப்புகளும் கல்லறைகளும் அடங்கும். பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் திருத்த வேலைக்கும் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும்.

உறுதிப் பிரதி, நில அளவைப் படம், படங்கள், என்ன பொருளால் என்ன செய்யப்போகிறோம் என்ற விபரம் எல்லாம் கொடுத்தோம். பதில் வரச் சுணங்கியது. படலை முன்பு எப்படி இருந்தது என்று காட்ட உதவியது ஒரு பழைய கலியாணப் படம்தான்: மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் படலைத் தூண் முழுதாகத் தெரிந்தது.

பார்க்க வந்த உத்தியோகத்தர் முதலில் சீமெந்தைத்தான் மறித்தார். யாழ்ப்பாணக் கோட்டையைப் போல எங்கள் மதிலும் முருகைக்கல், அதாவது பவளப் பாறைக் கல். அந்தக் கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, கல் பொடிப்பொடியாக உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். அதைப் பதமாகக் குழைக்கத் தெரிந்த மேசனைத் தேடியதுதான் அனுமதியைவிடப் பெரிய பாடு.

இரும்புக்கும் அதே கவனம். கறள் பிடித்த கம்பி ஊதிப் பருக்கும். அது இறங்கியிருக்கும் கல்லே வெடிக்கும். கம்பிகளைக் கழற்றிக் கறள் சுரண்டி, பூச்சடித்துப் பழைய துளைகளிலேயே இறக்கினோம்.

அகலிப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒழுங்கைப் பக்கம் போர்க்காலத்தில் செல் விழுந்து உடைந்த துண்டை இடப்பெயர்வுக்குப் பிறகு சீமெந்துக் கல்லால் கட்டியிருந்தோம். அதில் காக்கப் பழமை ஏதுமில்லை. புதுப் படலையை அங்கே வைக்க விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தோம், அனுமதி வந்தது.

இப்போது சவ வாகனம் ஒழுங்கையால்தான் வருகிறது. "செத்த பிறகும் பின்வாசலோ?" என்று அந்த அண்ணை இன்னும் முறைப்படுகிறார்.