9 மில்லிமீட்டரில் வந்து நின்றேன்

டெக்சஸில் யாரிடமாவது கைத்துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். என்ன காலிபர், அதாவது குண்டு எவ்வளவு அகலம், என்றுதான் கேட்பார்கள். பதில் வரும்வரை பொறுக்கவும் மாட்டார்கள். ".45-க்குக் கீழே எதுவும் பொம்மைதான்" என்றார் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும் பெண் .380 போதும் என்றாள். கோயிலில் பார்க்கும் மாமா ஒருவர், இதுவரை துப்பாக்கியைத் தொட்டே இராதவர், பெண்களுக்கு ரிவால்வர்தான் சரி என்று அடித்துச் சொன்னார். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு ஹியூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் ஓரத்தில் இருக்கிறது. கணவருக்கு எண்ணெய் வயல் வேலை. மாதத்தில் பாதி நாள் மிட்லேண்ட் பக்கம் போய்விடுவார். வீட்டில் நானும் பதின்வயது மகனும்தான். அடுத்த தெருவில், ஆட்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டின் பின்கதவை உடைத்து நுழைந்தார்கள். ஷெரிப்பின் வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதன்பிறகுதான் நாங்கள் இதைப் பற்றித் தீவிரமாகப் பேச ஆரம்பித்தோம். வேண்டாம் என்பதற்கும் காரணங்கள் இருந்தன. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. பூட்டுப்பெட்டி வாங்கி, படுக்கையறைச் சுவரில் திருகாணி போட்டுப் பொருத்திய பிறகுதான் கடைப்பக்கம் போவது என்று முடிவு செய்தோம். பெட்டிதான் முதலில் வந்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பலருக்கு இது தெரியவில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் என்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இந்தத் தடைக்குள் வரலாம். வார இறுதியில் நண்பர்களோடு சுடப் போகிறவர்கள் இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்குப் பச்சை அட்டை வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்ததால் தடை இல்லை. டெக்சஸில் கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய தகுதியுள்ளவர்கள் பொது இடத்தில் எடுத்துச் செல்லவும் உரிமம் தேவையில்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அவர்கள் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு குடும்ப அட்டை வாங்குவது இதைவிடக் கடினம்.

இனி காலிபர்.

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். எண்ணைப் பார்த்தால் அலகு என்ன என்று கேட்கும் புத்தி. .45 என்றால் 0.45 அங்குலம், சுமார் 11.4 மில்லிமீட்டர். சரி. ஆனால் .38 ஸ்பெஷல் குண்டின் உண்மையான விட்டம் 0.357 அங்குலம். .380-இன் விட்டம் 0.355. 9 மில்லிமீட்டரின் விட்டமும் 0.355. ஆக, கடைக்காரர்கள் மூன்று உலகங்கள்போலப் பேசும் இந்த மூன்றும் குண்டின் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது தோட்டா உறையின் நீளம், உள்ளே இருக்கும் வெடிமருந்து, குண்டின் எடை. 9 மி.மீ. தோட்டாவின் உறை 19 மி.மீ. நீளம்; .380-க்கு 17. எடையை கிரெய்னில் சொல்கிறார்கள். ஒரு கிரெய்ன் 0.065 கிராம், நம் பொற்கொல்லர்கள் தராசில் வைத்த குன்றிமணியில் பாதி.

கணக்குப் போட்டும் பார்த்தேன். 124 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 490 ஜூல் சொச்சம். 230 கிரெய்ன் .45 குண்டு நொடிக்கு 260 மீட்டர் வேகத்தில் போனால் 500 ஜூல் சொச்சம். பொம்மைக்கும் பீரங்கிக்கும் இடையே இவ்வளவுதான் வித்தியாசமா என்று ராணுவக்காரரிடம் கேட்டேன். அவர் பிலிப்பைன்ஸ் கதையை எடுத்தார். அங்கே அமெரிக்காவை எதிர்த்த மோரோ போராளிகளை .38 லாங் கோல்ட் ரிவால்வர் நிறுத்தவில்லை என்று அமெரிக்க வீரர்கள் முறையிட, 1904-இல் தாம்ப்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோவின் இறைச்சிக்கூடத்தில் மாடுகளையும், மனிதச் சடலங்களையும் சுட்டுச் சோதித்தார்கள். .45-க்குக் குறையக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜான் பிரவுனிங்கின் எம்1911 பிஸ்டல் அந்தக் காலிபரில்தான் வந்து, 1985 வரை ராணுவத்தின் பிரதான கைத்துப்பாக்கியாக இருந்தது. அதன்பின் ராணுவமே 9 மி.மீ.க்கு மாறிவிட்டதே என்றேன். அது அரசியல் என்றார். நேட்டோ நாடுகளோடு ஒரே தோட்டா வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான் என்பதால் நான் மேலே வாதாடவில்லை.

என் சந்தேகத்தைத் தீர்த்தது எஃப்பிஐயின் கதை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு நடந்த மோதலில் இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போனது. இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அவன் அதன்பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் மேலே வந்தது. உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலம், அதிகம் போனால் 18 அங்குலம் என்று அளவுகோல் வைத்தார்கள். தடித்த துணி, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, கார் கண்ணாடி எல்லாவற்றையும் கட்டியின் முன்னால் வைத்துச் சோதித்தார்கள். முதலில் 10 மி.மீ. தோட்டாவுக்குப் போனார்கள். சுடும்போது கையில் வரும் அதன் உதையைப் பல முகவர்களால் தாங்க முடியவில்லை என்று மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு இவ்வளவு நீளமான உறை எதற்கு என்று அதையும் வெட்டியதில் 1990-இல் பிறந்ததுதான் .40. கடைசியில் 2014-இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு 9 மி.மீ.க்கே திரும்பலாம் என்று எழுதியது. ஹாலோ பாயின்ட் எனப்படும், முனையில் குழி உள்ள, உடலுக்குள் பூப்போல விரியும் குண்டுகள் இடைப்பட்ட காலத்தில் மிகவும் மேம்பட்டுவிட்டன. காயத்தைப் பார்த்து 9 மி.மீ., .40, .45 என்று பிரித்தறிய முடிவதில்லை; ஆனால் உதை குறைவான துப்பாக்கியில் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள். சாரம் இதுதான். முப்பது ஆண்டு சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வேறு குண்டோடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

படித்தது போதும் என்று வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். பயிற்றுநர் ஓய்வுபெற்ற பெண் காவலர். தோட்டா இல்லாத துப்பாக்கி என்று உலகில் எதுவும் கிடையாது, சுட முடிவெடுக்கும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. மூடிய அறையில் ஒரு வெடிச்சத்தம் 140 டெசிபலை எளிதாகத் தாண்டும். காதுக்குள் பஞ்சு அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி என்று இரண்டும் போட வைத்தார். பக்கத்துத் தடத்தில் யாரோ சுட்டபோது சத்தத்தைவிட நெஞ்சில் வந்து மோதிய காற்றுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

அவர் கொடுத்த சோதனை எளிமையானது. ஏழு கஜத் தொலைவில் ஒரு காகிதத் தட்டு. ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஐந்து குண்டு. அவசரப்படாமல் சுட்டால் எல்லாம் தட்டில் விழும். ஆகவே கையில் ஒரு நேரமானியை வைத்துக்கொண்டு, "முதல் குண்டை நான் பார்க்கப்போவதில்லை மேம், இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் பார்ப்பேன்" என்றார்.

மாமா சொன்ன ரிவால்வரில் தொடங்கினோம். சட்டைப்பைக்குள் அடங்கும் .38, அலுமினியச் சட்டகம், அரைக் கிலோவுக்கும் குறைவு. அழகாக இருந்தது. விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் குறி ஊசலாடிவிட்டது. வெடித்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ளங்கை எரிந்தது. எடை குறைவான துப்பாக்கி கையில் அதிகமாக உதைக்கும் என்பது பள்ளிப் பௌதிகம்தான், ஆனால் கடைகளில் இதைத்தான் பெண்களிடம் நீட்டுகிறார்கள். நன்றாகப் பழகியவர்களுக்கான கருவி இது. பழகத் தொடங்குபவளின் கையில் இதைத் திணிப்பது என்ன அறிவோ தெரியவில்லை.

.380-இல் இரண்டு வகையைச் சுட்டேன். ஒன்று பழைய ஐரோப்பியப் பாணி. அதில் குழல் அசையாது. சுட்டதும் பின்னுக்கு வரும் ஸ்லைடை, அதாவது குழலை மூடியிருக்கும் மேல்பகுதியை, கெட்டியான சுருள்வில்தான் தடுத்து நிறுத்துகிறது. சிறிய தோட்டாதானே என்று நினைத்தால் கை அதிர்ந்தது, ஸ்லைடை இழுப்பதற்கும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மற்றது குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்து நகரும் புதுவகை; அது வெண்ணெய். என் மருத்துவமனைச் சிநேகிதி இதைத்தான் வைத்திருக்கிறாள், அவளுக்கு மணிக்கட்டில் வாதம் உண்டு, அவளுக்கு அது சரியான தேர்வு. எனக்கு உறுத்தியது குண்டுதான். அந்த வேகத்தில் ஹாலோ பாயின்ட் நன்றாக விரிந்தால் 12 அங்குலத்தை எட்டச் சிரமப்படும், ஆழமாகப் போனால் பல நேரம் விரிந்திருக்காது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் தோட்டாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

.40 முறுக்கிக்கொண்டு மேலே எகிறியது. .45-ஐ நான் பயந்தபடி வெறுக்கவில்லை. கனமான எஃகுத் துப்பாக்கி என்பதால் உதை மெதுவாக, தள்ளுவதுபோல இருந்தது. முதல் குண்டு தட்டின் நடுவே. மூன்றாவது தட்டுக்கு வெளியே. மேகசின் எனப்படும் தோட்டாக்கூட்டில் ஏழெட்டுதான்.

பிறகு நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல், கிளாக் 19. வெற்று எடை சுமார் 600 கிராம், மேகசினில் 15. ஸ்லைடை இழுக்க முடியுமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. விரல்நுனியால் இழுக்காதீர்கள், இடது கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடித்துக்கொண்டு வலது கையால் துப்பாக்கியை முன்னே குத்துங்கள் என்று பயிற்றுநர் காட்டினார். வந்துவிட்டது. ஐந்து குண்டும் தட்டில்தான், நேரமும் .45-ஐவிடக் குறைவு. அவர் ஒன்றும் சொல்லாமல் காகிதத் தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது.

அன்றைக்கே வாங்கவில்லை. சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லப்போகிறேனா, வீட்டில் மட்டுமா என்ற கேள்வி மீதம் இருந்தது. நான் வேலை செய்யும் மருத்துவமனையில் பணியாளர் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது. காரில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள் சிலர். வாகனம் நிறுத்துமிடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காரில் துப்பாக்கியா, திருடனுக்கு வாங்கிக் கொடுத்ததுபோல் ஆகும். ஆக வீட்டுக்குத்தான். வீட்டுக்கு என்று ஆனதும் சின்னதாக, லேசாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே போய்விட்டது. துப்பாக்கி பெரிதாக, கனமாக இருக்கலாம், உதை குறையும். .380-க்கு இருந்த ஒரே பெரிய நியாயம் அத்தோடு விழுந்தது.

.22-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். பழக அதைவிட மலிவானது இல்லை, நானும் இன்றுவரை அதில் பழகுகிறேன். ஆனால் தோட்டாவின் விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் அமைப்பில் வெடிக்காமல் போவது அதிகம். பயிற்சியில் அப்படிப் போனால் சிரித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது சுவர். இங்கே உள்சுவர்கள் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைகள். 12 அங்குல ஜெலட்டினுக்குள் போகக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அப்படிப்பட்ட ஒன்றிரண்டு சுவர்களைத் தாண்டும். ஹாலோ பாயின்ட்டின் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் விரியாமலே போகவும் கூடும். காலிபரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. மகன் அறை எந்தப் பக்கம், நான் எங்கே நின்றால் எதிரே செங்கல் வெளிச்சுவர் வரும் என்று ஒரு மாலை முழுவதும் வீட்டுக்குள் நடந்து பார்த்தோம். "அம்மா, என் கட்டிலை அந்த மூலைக்கு மாற்றிவிடலாமே" என்று அவனே சொன்னான். மாற்றினோம்.

9 மி.மீ.யையே வாங்கிய பிறகு தோட்டாத் தேர்வு சிறிது காலம் பிடித்தது. பயிற்சிக்கு 115 கிரெய்ன் சாதாரணக் குண்டு, கடையில் இருப்பதிலேயே மலிவு, கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் .22-ஐ விட்டால் 9 மி.மீ.தான் பைக்குக் கட்டுப்படியாகும். .45-ஐத் தேர்ந்திருந்தால் இவ்வளவு பழகியிருக்க மாட்டேன். பெட்டிக்குள் இருக்கும் மேகசினுக்கு 124, 147 என இரண்டு எடைகளில் ஹாலோ பாயின்ட் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். என் துப்பாக்கி இரண்டையும் சிக்காமல் உண்டது, 124-இல் நின்றுவிட்டேன். விலை அதிகம் என்று சோதிக்காமல் மேகசினில் நிரப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் துப்பாக்கி அந்தக் குண்டை விழுங்குமா என்பதை அதைச் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

என் தொழில் சார்ந்த ஒரு நச்சரிப்பு: உள்ளரங்கில் சுட்டால் ஈயத் தூள் கையிலும் உடையிலும் படியும். இரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனைகள் என் மேசைக்கு வருகின்றன, ஆகவே சொல்கிறேன். குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உடையைத் தனியாகத் துவையுங்கள்.

உரிமம் கட்டாயமில்லை என்றாலும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல மாநிலம் தரும் எல்டிசி உரிமத்துக்குப் பின்னர் விண்ணப்பித்தேன். வகுப்பும் எழுத்துத் தேர்வும் சட்டத்தைப் படிக்க வைக்கும், உரிமம் பிற மாநிலங்கள் பலவற்றிலும் செல்லும். சுடும் தேர்வில் 50 குண்டுகள்: மூன்று கஜத்தில் 20, ஏழில் 20, பதினைந்தில் 10. 250-க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. 2017 வரை இந்தத் தேர்வை .32-க்குக் குறைந்த துப்பாக்கியால் எழுத முடியாது. அந்த விதியை நீக்கிவிட்டார்கள். எனக்குப் பக்கத்துத் தடத்தில் எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி .22 பிஸ்டலோடு நின்றார். பதினைந்து கஜத்தில் என்னைவிட அவர்தான் நன்றாகச் சுட்டார்.