மாடவீதியில் அறுபத்து மூவர்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். கற்பகாம்பாளைத் தரிசித்து, பிராகாரம் சுற்றி, கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டுத் திரும்பிவிடுவேன். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், சிவனடியார்களான நாயன்மார் அறுபத்து மூவரும் சாமியோடு வீதியுலா வரும் நாள் மட்டும் போனதில்லை, கூட்டத்துக்குப் பயந்து. இந்த முறை அத்தை விடவில்லை. "உள்ளே இருக்கிற சாமியை என்னைக்கு வேணாலும் பார்க்கலாம். அவரே தெருவுக்கு வர்ற நாள்ல வீட்ல உட்கார்ந்திருந்தா எப்படி?" என்றார். மாடவீதியை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவர்.

காலையில் பூம்பாவையை எழுப்பும் ஐதீகம். சிவநேசர் என்ற வணிகரின் மகள் அவள். பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தாள். எலும்பையும் சாம்பலையும் அப்பா குடத்தில் இட்டுக் காத்துவைத்திருக்க, திருஞானசம்பந்தர் வந்து பாடினார், எழுந்து வந்தாள். தெரிந்த கதைதான். ஆனால் அங்கே நின்று பதிகத்தைக் கேட்டபோதுதான் உறைத்தது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இந்த ஊர் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று கேட்கிறார் சம்பந்தப் பிள்ளை. தத்துவம் பேசி அழைக்கவில்லை. இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலேயே இருந்துகொண்டு இத்தனை வருஷம் பார்க்காமல் போனவன் நான்.

பிற்பகலில் மாடவீதிகளில் கால் வைக்க இடமில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் அண்டாவில் நீர்மோர் கரைத்து வைத்திருந்தார். கறிவேப்பிலையைக் கையாலேயே கசக்கிப் போட்டு, ஒவ்வொரு டம்ளரையும் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வாங்கியவர்கள் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. பிரசாதம் அல்லவா.

அந்தந்தத் தெருக்காரர்களின் தெய்வங்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன. கோலவிழியம்மன் வருகிறாள், முண்டகக்கண்ணியம்மன் வருகிறாள். வாசுகியோடு திருவள்ளுவர் வருகிறார். பள்ளிக்கூடச் சுவரில் மட்டுமே பார்த்துப் பழகிய வள்ளுவருக்குக் கற்பூரம் காட்டி மக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதை மயிலையில்தான் பார்த்தேன். வெள்ளி விமானத்தில் கபாலி. அப்புறம் பல்லக்குகளில், தோளோடு தோள் நெருங்கி, மாலைக்குள் பாதி மறைந்த சின்னச் சின்னச் செப்புத் திருமேனிகளாக நாயன்மார்கள்.

புல் செதுக்கும் உழவாரத்தோடு நின்ற அப்பரை எனக்கே அடையாளம் தெரிந்தது. அத்தை தேடியது வேறு ஒருவரை. வாயிலார் நாயனார், மயிலாப்பூர்க்காரர். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, வாய் திறக்காமல் பூசை செய்தவர். "நம்ம ஊர்க்காரர், அவரைப் பார்க்காம நகர மாட்டேன்" என்று ஒவ்வொரு பல்லக்காக எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு பல்லக்கு எங்கள் முன்னால் சற்று நின்றபோது, தூக்கி வந்தவரிடமே கேட்டுவிட்டார். வியர்வை கண்ணில் வழிய, அவர் தோளை மாற்றாமல் முகவாயாலேயே காட்டினார்.

அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அத்தை கைகூப்பி நின்றார். பல்லக்கு திரும்பி மறையும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.